குறைந்தபட்சம்

நோர்தூஸ் எல்லை. விடியாத நான்கு மணி.
பேருந்தை விட்டிறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு
அராஸ் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடக்கிறாள் சொல்மாஸ்.
காலடியில் அதிர்கிறது பாலம்.
ஒரு லாரிக்கு எவ்வளவு, ஒரு பெண்ணுக்கு எவ்வளவு
அவளுக்குக் கணக்குத் தெரியும்.
ஐந்து வருடம் ஆராயக் கேட்பதும் அதைத்தான்.

யெரெவானில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் தேர்வு.
சுருக்கமாகப் பேசுபவருக்கு ஒரு சொல் கேட்டார்கள்.
தெரியவில்லை.
பேசாமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

கணிதம் நூற்று அறுபத்தெட்டு.
ஆங்கிலம் நூற்று நாற்பத்தாறு.
திரை கூசாமல் உடனே சொல்லிவிட்டது.

விடுதி அறையில்
ஏழு பல்கலைக்கழகங்களைத் திறந்து பார்த்தாள்.
குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதுவும் இல்லை,
ஏழிலும்.
அதன் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்,
போன வருடம் சேர்ந்தவர்களின் சராசரி.
வாசலுக்கு உயரமே கிடையாதாம்.
உள்ளே போனவர்கள் மட்டும் எல்லாரும் நெட்டையாம்.

திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கை பெஹ்ராங்,
சூரியகாந்தி விதை கொறித்தபடி:
"எனக்கு நூற்று எழுபது. முழுசு.
விசா இரண்டு தடவை இல்லை என்றார்கள்."
தோலை உள்ளங்கையில் துப்பி
மிச்ச விதையை அவளிடம் நீட்டினான்.

மறுபடி பாலம்.
நடுவில் குனிந்து கைப்பேசியைத் தரையில் வைத்தாள்.
காவலன் கத்துவதற்குள்
பதினோரு நொடி அதிர்வு பதிவாகிவிட்டது.

தப்ரீஸ் போகும் வழியெல்லாம்
அந்த அலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது.
யாரிடம் சொல்வது?