முப்பத்தோராம் எண் ஜாக்கெட்

ஐந்தரைக்குப் படகுத்துறை ஷட்டரைத் தூக்கும்போது
முதலில் ஓடுவது எலி இல்லை, சத்தம்.
பலகைக்கு அடியில், தண்ணீரை ஒட்டிய கல்லிடுக்கில்,
யாரோ சில்லறையைக் கொட்டியதுபோல ஒரு சிதறல்.
அப்புறம் ஒன்றுமில்லை.
கொடைக்கானல் ஏரி இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளை.

நேற்று இறங்கிப் போனவர்கள் விட்டுப் போனதை எண்ணுவது
என் வேலையில் சேர்த்தியில்லை. ஆனாலும் எண்ணுகிறேன்:
சோளக் கட்டை நாற்பது, டயப்பர் இரண்டு,
ஒற்றைச் செருப்பு,
தடைசெய்த தண்ணீர் பாட்டில்,
தடைசெய்ததால் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருப்பது,
நான்கைந்து.
ஏழாம் எண் அன்னப்படகின் கழுத்துக்குள்
ஒரு பிரியாணிப் பொட்டலம்.
அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்கள்.
இங்கே எலும்பையும் சோற்றையும்
பிரித்து வைத்திருந்தது எலிதான்.

கரையில் அதற்குள் பந்தி தொடங்கியாயிற்று.
சையது இப்ராம்ஷாவின் குதிரை ராக்கெட்,
ஓடிய வயதில் வைத்த பேர்,
முழங்கால் வீங்கிச் சவாரிக்கு ஆகாமல் போனதும்
கயிற்றை அவிழ்த்து, பிழைச்சுக்கோ என்று விட்டார்கள்;
தொட்டிக்குள் கழுத்துவரை நுழைத்துத்
தோகை தேடுகிறது.
அதன் கால்களுக்கு நடுவே ஒற்றைக் காதுச் செவலை நாய்.
போன கார்த்திகையில் ஒரு காட்டுமாடு வந்து
பஜ்ஜிக் கடையின் எண்ணெய்த் தாளை
வெற்றிலை மாதிரி நிதானமாக மென்றுவிட்டுப் போனது.
எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.
மறுநாள் அது போட்ட சாணத்தில் பாலிதீன் இருந்தது.
அதை யாரும் எடுக்கவில்லை,
போட்டோவும், கையாலும்.

சொல்ல வந்தது இது இல்லை.
முப்பத்தோராம் எண் லைஃப் ஜாக்கெட்டைக்
காயப்போட எடுத்தபோது
எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.
மார்புப் பக்கம் தையல் விட்டு,
உள்ளே நுரைப்பஞ்சைக் குடைந்து,
டிக்கெட் கிழிசலால் மெத்தை போட்டு
(அரை மணி நேரம், நான்கு நபர், வரி உட்பட,
படிக்கவே முடிந்தது)
ஆறு குஞ்சுகள்.
கண் திறக்காதவை. ரப்பர் நிறம். தொட்டால் சூடு.

சூசைமாணிக்கம் சார் எட்டிப் பார்த்தார்.
ஏரில உதறிட்டு ஜாக்கெட்ட உள்ள வை,
சனிக்கிழமை, கூட்டம் வரும்,
கணக்குல கொறஞ்சா உன் சம்பளத்துலதான் பிடிப்பாங்க.

எனக்கும் எலி ஆகாது.
ரேஷன் அரிசியில் புழுக்கை கிடந்த அன்று
நாயுடுபுரம் வீட்டில் நானே பசை அட்டை வைத்தேன்.
இரவெல்லாம் அது கத்தியதைக் கேட்டேன்,
கேட்டுக்கொண்டே தூங்கியும் போனேன்.
அதனால் கருணை கிருணை என்று
யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஆனால் முதுகில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறதே,
உயிர் காக்கும் கவசம் என்று.
படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று
கழற்றிக் காலடியில் போடுகிறவர்களைத்தான்
தினமும் பார்க்கிறேன்.
அதை இவ்வளவு முழுசாக நம்பியவர்
இந்தத் துறையில் அவள் ஒருத்திதான்.

ஈரம் காயல சார் என்று சொல்லி
உடைந்த துடுப்புகளுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்.
அன்று ஒரு படகை ஒரு ஆள் குறைவாக அனுப்பினேன்.

சாயங்காலம் ஜாக்கெட் தட்டையாக இருந்தது.
தாய் தூக்கிப் போயிருக்கலாம்.
செவலை நாய் வாசலில் நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.
நான் யாரையும் விசாரிக்கவில்லை.
கோணி ஊசியால் தையலைப் போட்டேன்,
டிக்கெட் கிழிசலை உள்ளேயே விட்டு.
மிதக்குமா, தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று
கனமான ஒரு திருச்சிக்காரருக்குப் போனது.
படகு திரும்பும்வரை
அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவர் மனைவி என்னை முறைத்தார்.
பத்திரமாக இறங்கினார்.
நடந்துகொண்டே பாட்டிலைத் தொட்டிப் பக்கம் வீசினார்.
படவில்லை.
ராக்கெட் தலையைத் தூக்கிப் பார்த்தது.