மூணு ரூபா போல்ட்டு

ஸ்டீல் போல்ட்டுக்கு விடத் தெரியாது.
பக்கத்து வண்டி ஓர் உரசு உரசினால்
போல்ட்டு கல்லு மாதிரி இருக்கும்.
அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு
பம்பர் இருக்காது.

கிழிந்ததைத் திங்கட்கிழமை
டாட்டா ஏஸில் போட்டு
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸு வண்டிக்குக் காத்திருந்து
என் ஷெட்டில் இறக்குவான் தேவசித்தம்.
ரெசின் கலப்பேன், மேட் வெட்டுவேன்,
கண்ணாடி நார் முழங்கை மடிப்பில் புகுந்து
ராத்திரி முழுக்க அரிக்கும்.
பம்பருக்கு ஏழாயிரம்.
போன சீசனில் ஒன்பது.
பொண்ணோட காலேஜ் ஃபீஸில் இரண்டு தவணை
நிலோஃபர் போய் இடித்த இடிகளில்தான் கட்டினேன்.
அவளே கேட்பாள், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே:
"அக்கா, மூணாவது தவணை எப்போ?"

காசிமேட்டில் ஒரு படகின் அடிவயிற்றை
ஒட்டிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.
யாரோ யாருக்கோ ஃபோனில்:
வலை கீழே பாரில் மாட்டிக்கிச்சு,
நடுவுல கட்டின மெல்லிசுக் கயிறு பட்டுன்னு அறுந்துச்சு,
அதனால வலை பொழைச்சுது.

பிரஷ்ஷை ரெசினிலேயே விட்டுவிட்டேன்.
அது இறுகி வீணாய்ப் போனது.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.
ஏன் என்று கேட்டால்
ஏழாயிரம் என்பதுதான் பதில்.

நான்காவது வாரம்
இருங்காட்டுக்கோட்டையில், இரண்டாவது வளைவில்,
ஒரு பக்கம் கிழிந்த பம்பர்
மறுபக்கத்து ஸ்டீலில் தொங்கி
முன்சக்கரத்துக்கு அடியில் மடிந்தது.
வண்டி சுற்றிச் சுற்றிப் போய் டயர்ச் சுவரில்.
நிலோஃபருக்கு வலது மணிக்கட்டு.
மாவுக்கட்டில் பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
என் பேரை எழுதக் கை வரவில்லை.
சும்மா ஒரு கோடு இழுத்தேன்.

மறுநாள் செம்புதாஸ் தெரு.
ஆறு எம்எம் நைலான், வெள்ளை,
ஒன்று மூணு ரூபாய்.
"இது வெயிட்டு தாங்காதும்மா."
"தாங்கக் கூடாதுன்னுதான் கேக்குறேன்."
அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
ஐம்பது எண்ணிக் கொடுத்தார்.

உடனே சரியாகிவிடவில்லை.
ஆறு போட்டோம்; ஷெட் வாசலில் தேவசித்தம் உதைத்தான்;
பம்பர் அசையவில்லை, அவன் செருப்பு அறுந்தது.
மூன்று போட்டோம்; நேர்பாதையில்
ஒருத்தரும் தொடாமலே காற்றே பிய்த்துக்கொண்டு போனது.
பிறகு நான்கு. கழுத்தில் ஹேக்ஸா பிளேடால்
லேசாக ஒரு கீறல்.
எடையைத் தாங்க அடியில் இரண்டு பின்,
முன்பக்கம் இழுத்தால் வழுக்கி வெளியே வரும் மாதிரி.
கழன்றது சக்கரத்துக்குள் ஓடாமலிருக்க
காசிமேட்டு வலைக்கயிறு ஒரு முழம்.
வெயிலில் நைலான் மொறுமொறுத்துப் போகும்,
ரேஸுக்கு ரேஸ் மாற்றணும்.
இதெல்லாம் தேவசித்தம் சுவரில் சாக்பீஸால் எழுதினான்,
"போல்ட்டு"க்கு ஒரு ட் குறைவாக.

கட்டுப் பிரித்த ஒன்பதாம் நாள் ஓட்டினாள்.
நான்காவது சுற்றில் மஞ்சள் வண்டி உள்ளே நுழைந்தது.
சத்தம் பெரிதாக இல்லை.
முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி, டக், டக்,
கொஞ்சம் விட்டு இன்னொரு டக்.
கயிற்றின் முனையில் பம்பர் தரையில் தேய்ந்துகொண்டே
பிட்டுக்கு வந்து சேர்ந்தது.
வேஸ்ட் துணியால் துடைத்தேன்.
பெயின்ட் போயிருந்தது.
ஓட்டையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன்.
மயிரிழை விரிசல்கூட இல்லை.
தேவசித்தம் புதுசாக நாலு முடுக்கி
தட்டி அனுப்பினான்.
உடைந்த தலைகளைப் பொறுக்கி
பர்ஸில் போட்டுக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல்.

அந்த சீசன் முடிய
என் ஷெட்டுக்கு ஒரு பம்பரும் வரவில்லை.

தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில்
சில்லறையோடு ஒரு தலையும் போய்விட்டது.
டிரைவர் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது செல்லாதும்மா."
வாங்கிக்கொண்டு
வேறு கொடுத்தேன்.