இரண்டாம் மாடி, வடக்கு வரிசை

மெஸ் பில்லில் பாதிக் கழிவு,
ஒரு சாவிக்கொத்து,
நீளமான பச்சை அட்டை நோட்டு ஒன்று.
லீடர் ஆனதற்கு இவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குக் கதவு கதவாகத் தட்டுவேன்.
முப்பத்தெட்டுப் பேர்.
என் செருப்புச் சத்தத்துக்கே பேச்சு நின்றுவிடும்.
போன வருஷம் நானும் அப்படி நிறுத்தியவள்தான்,
தலையணைக்கடியில்
தட்டுவடை செட்டுப் பொட்டலத்தைத் தள்ளிக்கொண்டே.

என் அலமாரியில் துணிக்கு இடமில்லை.
பிடுங்கிய கெட்டில் ஏழு,
இஸ்திரிப் பெட்டி மூன்று,
வாளிக்குள் போடும் ஹீட்டர் ஒன்று.
எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
பரீட்சை முடிந்து ஊருக்குப் போகையில்
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.
மோனிஷா ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை.
சிவப்புக் கெட்டில் அவளுடையது.

கார்த்திகை மழை.
கோரிமேட்டிலிருந்து பார்த்தால் தெரியும்
ஏற்காட்டுப் பாதை விளக்குகள்
மேகத்துக்குள் போய்விட்ட ராத்திரி,
இருநூற்றுப் பதினாலு திறக்கவில்லை.
கருமந்துறைப் பவளமணி.
சேர்ந்த நாலு மாதத்தில் அவள் என்னிடம் பேசியது மொத்தமும்
"இருக்கேங்க்கா."
அன்றைக்கும் அதையே சொன்னாள்,
போர்வைக்குள்ளிருந்து, பல் கிட்டித்துக்கொண்டு.

காய்ச்சல் நூற்றொன்று.
மாத்திரை இருக்கிறது,
வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது.
மெஸ் பூட்டி ஒரு மணி நேரமாகிறது.

அலமாரியைத் திறந்தேன்.
கைக்கு அகப்பட்டது சிவப்பு.
யாரோ நொய்யரிசி நீட்டினார்கள், யாரோ உப்பு.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை,
கேட்க வேண்டியவள் நான்தான் என்றாலும்.
மோனிஷா என் கையைத் தள்ளிவிட்டாள்:
"ஒயரச் சாய்ச்சுப் புடிச்சாத்தான் சூடாகும்.
உங்களுக்கெங்க தெரியும்."

கஞ்சி வாசனை படியிறங்கிப் போய்
வார்டன் எஸ்தர் மிஸ்ஸை எழுப்பியது.

வந்தார்.
இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு
பவளமணி ஊதி ஊதிக் குடிப்பதை
முழுக்கப் பார்த்தார்.
"காலையில ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.
நீ நோட்டுல எழுதிடு."

எழுதினேன்.
தேதி. அறை. பொருள்: கெட்டில், சிவப்பு.
பயன்படுத்தியவர் என்ற கட்டத்தில்
என் பெயர்.
அபராதம் இருநூறு.

மறுநாள் ஒன்பது மணி.
கதவு கதவாகப் போகிறேன்.
பேச்சு நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.
இருநூற்றுப் பத்தொன்பதில் மட்டும்
சட்டென்று ஓர் அமைதி,
பிறகு எதையோ கட்டிலுக்கடியில் தள்ளும் சத்தம்.

தகரமாக இருக்கலாம்.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.