செவிட்டுத் தண்ணீர்

டோரித் தீவுக்கு மாதம் ஒருமுறை
காது சோதிக்கப் படகேறி வருகிறாள் ப்ரோனா.
இன்று முதல் ஆள்
சிங்கிறால் கூண்டு போடும் ஃபியக்ரா.

"பௌரா?" என்றாள், அவன் மொழியில், உரக்க.
வலது கையை மேசைமேல் வைத்தான்.
"இது பௌர். ஜனவரிக் கயிறு தின்றது."
ஜன்னலுக்கு வெளியே காட்டினான்:
தேவாலயத்தின் பின்னே தேங்கிய குட்டை, அதுவும் பௌர்.
காலிப் பீப்பாயைத் தட்டினால் எழுமே,
அந்த ஒலியும்.

செவிடு, மரத்தது, தேங்கியது என்று
நான் மூன்று சொல் தேட,
அவனுக்கு ஒன்றே போதுமாயிருக்கிறது.

"காது?" என்றாள்.
"என்ன?" என்றான்.

ஸ்காட்லாந்துத் தீவுகளில் இதே சொல்,
மான் தீவில் இதே சொல், உப்பு சற்றே மாறி.
எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் தெரியாத ஒரு வாய்.
அங்கிருந்து கிழக்கே போன பங்காளி
சமஸ்கிருதத்தில் பதிரன் ஆனான்.
அண்ணன் தம்பிக்குள் ஒரு கடிதமில்லை.
எப்படி இருக்கும்?
கூப்பிட்டால் திரும்பாத சொல் அது.

கருவி பொருத்தியதும் முகம் சுளித்தான்.
வெளியே தூறல்.
"அந்தக் குட்டை
இத்தனை வருஷமும் பேசிக்கொண்டா இருந்தது?"

படிவத்தில் எதை அடிப்பதென்று
ப்ரோனா பேனாவைக் கடித்தாள்.