இரண்டு மில்லி

"குழந்தையாய் இருந்தபோது தெளிக்கப்பட்டவர்கள்
யாராவது உண்டா?" என்று கேட்கிறார் பாஸ்டர் ரூபன் மூட்லி.
உண்டென்றால்
அது செல்லாது என்று சொல்வதற்காகத்தான் கேட்கிறார்.
வரிசையில் இரண்டு கைகள் உயர்கின்றன.
தியோலன் கை தூக்கவில்லை.

இசிபிங்கோ கடற்கரை, காலை ஐந்தரை.
கற்சுவர் கட்டிய அலைக்குளத்தில் இடுப்பளவு தண்ணீர்.
உள்ளே இறங்கி நடுங்கிக்கொண்டு நிற்கிறார்
டீக்கன் தேவன், அவனுடைய அப்பா.
நான் துவாலைக்காரி.
பதினொரு பேருக்குப் பதினொரு துவாலை,
எண்ணித்தான் கொண்டுவந்தேன்.

மார்லீன் மணலில் தனியாக, செருப்பைக் கழற்றாமல்.
அவள் ஆங்கிலிக்கன்.
என்னைப் பார்க்கிறாள்.
நான் துவாலையை மடிக்கிறேன்,
மடித்ததையே மறுபடி மடிக்கிறேன்.

தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
இருபத்தேழாவது வாரத்தில் வந்தவன்.
தோல் வெங்காயச் சருகு மாதிரி,
தொட்டால் என் விரல்ரேகை பதிந்துவிடும்.
இரவு இரண்டு மணிக்கு எண்கள் இறங்கத் தொடங்கின.
டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.
வார்டில் அதற்கு என்ன அர்த்தமென்று
தாய்மாருக்கும் தெரியும்.

"பாதிரியாருக்கு நேரமில்லை. நீ செய்.
தேவனுக்குச் சொல்லாதே."
தேவன் அன்று எண்ணெய் ஆலையில் இரவு வேலை.
தன் மகன் வாய்திறந்து கேட்கட்டும்,
அதுவரை ஒரு சொட்டும் கூடாது என்றவர்.

நானும் அந்தக் கட்சிதான்.
பதினெட்டு வயதில், வீட்டில் விபூதித் தட்டு உருண்ட நாளில்,
சபைக்குப் பின்னால் இருந்த தகரத் தொட்டிக்கு
என் காலால் நடந்துபோய் முழுகினேன்.
அந்த நடைதான் என் சொத்து.
தூங்குகிற பிள்ளையின் கட்டைவிரலை மையில் அழுத்திப்
பத்திரம் எழுதினால் செல்லுமா என்று
பைபிள் வகுப்பில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறேன்!

அன்று மடங்கியது நான்.
பெயரை அவனைக் கேட்டா வைத்தார்கள்?
காசநோய் ஊசியை
அவன் சம்மதித்தா போடுகிறேன் தினமும்
இந்தக் கையால், இத்தனை பேருக்கு?
இப்படியெல்லாம் அப்போது யோசித்தேன் என்றால் பொய்.
யோசனை பின்னால் வந்தது, பல வருடம் வந்தது.
அப்போது கண்ணில் பட்டது ஐந்து மில்லி சிரிஞ்ச்,
கொதித்து ஆறிய தண்ணீர்.
சிஸ்டர் நொம்புலெலோ பேச்சில்லாமல்
திரையை இழுத்துவிட்டாள்.

"பெயர்?"
மார்லீன் அந்த நிமிடம்தான் கண்டுபிடித்தாள்.
பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று
வாயில் வந்தது தமிழ்.
அவளுக்கு அதில் ஒரு சொல் தெரியாது.
புரியாமலே ஆமென் சொன்னாள்.

அவன் செத்திருந்தால்
இது ஒரு துக்கத்தோடு முடிந்திருக்கும்.
நான்கு மணிக்கு எண்கள் ஏறின.
தண்ணீரால் என்று நான் சொல்லமாட்டேன்.
மருந்தை மாற்றியிருந்தார்கள்.

இப்போது தியோலன் படியிறங்குகிறான்.
"உன் சொந்த விருப்பமா?"
"ஆமாம்." குரல் உடைந்து வருகிறது.
பொய்யில்லாத ஆமாம், என்னுடையதைப் போலவே.
வாய் திறந்தால் யாருடைய ஆமாமை நான் கெடுப்பேன்?
திறக்காவிட்டால் யாருடைய ஆமெனை?
மார்லீன் ஓரடி முன்னால் வைத்து
நிற்கிறாள்.

பாஸ்டர் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.
மல்லாக்கச் சாய்க்கிறார்கள்.
நான் என்னையறியாமல் எண்ணுகிறேன்:
ஒன்று, இரண்டு, மூன்று...
மூச்சு நின்ற பிள்ளைகளுக்கு எண்ணுகிற அதே வேகத்தில்.
எழுந்தான். இருமினான்.
மூக்கில் உப்பு.

துவாலையை நான் நீட்டுவதற்குள்
மார்லீன் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.
அவளிடமே கொடுத்தேன்.

பாஸ்டர் பதிவேட்டில் எழுதுகிறார்: இன்று பதினொன்று.
அந்த வார்டில் ஒவ்வொரு மில்லிக்கும் கணக்கு உண்டு:
உள்ளே போனது, வெளியே வந்தது,
ஈரத்துணியைக்கூட எடை போடுவோம்.
அன்றிரவுத் தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது,
இரண்டு மில்லி தவிர.