சிவப்பு ஓரம்

பள்ளத்தூரில்
ஏழு பங்காளிகளின் பூட்டையும்
ஒரே நாளில் திறந்த வீட்டில்
சாமான் சிட்டை எழுதும் வேலை எனக்கு.
ஊறுகாய் ஜாடி நாற்பத்தொன்று.
எனாமல் தூக்கு ஒன்பது, மூடி எட்டு.
பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, விரிசல் உண்டு.
பழைய தாள் எல்லாம் எடைக்கு.

கிலோ பதினான்கு என்று பேசி முடித்து
ஜியாவுதீன் தராசை வைத்தார்.
மோல்மேன் கடைப் பேரேடு, காலிக்கோ அட்டை,
மூன்று ஓரமும் செங்காவிச் சாயம்.
தட்டில் சரியாக உட்காராமல்
ஒருக்களித்துச் சரிந்தது.
தாள்கள் படிக்கட்டாய் விலகின.
அவர்தான் முதலில் பார்த்தார்.
"அம்மா, இதிலே யாரோ நிக்கிறாங்க."

சிவப்பு ஒதுங்கிய இடத்தில் ஆறு.
ஆற்றுக்குள் நீண்ட மரத்துறை,
அதில் கட்டிய சம்பான்,
துறையின் நுனியில் பூப்போட்ட கைலியில் ஒருத்தி.
நிமிர்த்தினால் சாயம்.
சாய்த்தால் ஆறு.
சாய்ந்தபடி நிறுத்தார்: மூன்று கிலோ நானூறு.
நிமிர்த்தியும் நிறுத்தார்:
மூன்று கிலோ நானூறு.

ஒரு தாளின் விளிம்பில் என்ன இருக்கும்?
மயிரிழை நீலம். தனியே பார்த்தால் அழுக்கு.
உள்ளே வட்டிக்கணக்கு,
காலணா பிசகாத கை,
அடியில் "மேலாள் வெள்ளையப்பன்".
வரைந்த கை அதுதானா, தெரியாது.
தணிக்கைக்கு வந்தவர்
ஏட்டை மல்லாத்தித்தான் படித்திருப்பார்.
கணக்குப் பார்க்க யார் ஏட்டைச் சாய்க்கிறார்கள்?

அவள் முகத்தில் ஏதோ சரியில்லை.
நெற்றி முடிந்ததும் மூக்கு.
நடுவில் வடுகூட இல்லை.
தாள் எண்களைப் புரட்டினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்து
இருநூற்றிருபத்து நான்கு.
தையலோரம் கத்தி போன தடம்.
பென்சிலில் யாரோ:
"தேவகோட்டை கோர்ட்டுக்கு. பங்கு வழக்கு."

ஈப்போவிலிருந்து வீடியோவில் வந்தார் சாத்தப்பன்,
ஐந்தாவது பங்கு.
சாய்த்துக் காட்டினேன்.
கேமராவில் வெறும் கோடுகள் நெளிந்தன.
"கறையா? எடைக்கே போட்டுருங்க.
அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் காட்டுங்க."

நாற்பத்தேழு ரூபாய் அறுபது காசு.
நானே கொடுத்தேன்.
அறுபது காசை வேண்டாமென்றார் ஜியாவுதீன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன்:
ஒரு ஜட்ஜ் அந்தப் பதினோரு தாளையும் படித்திருப்பார்,
யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று.
ஓரத்தில் கறுப்பாய் ஒரு இழை.
குமாஸ்தாவின் விரலழுக்கு என்று நினைத்திருப்பார்.
பிறகு சான்றாவண எண் போட்டு, நாடாவால் இறுக்கி,
அலமாரியில் கட்டோடு கட்டாக
அவள் கண்கள்.
கறையான் விட்டிருந்தால்.

ராத்திரி, எதற்கோ,
மறுபக்கம் சாய்த்துப் பார்த்தேன்.
அங்கேயும் படம்.
அதே துறை, அதே ஆறு.
சம்பான் இல்லை.
அவளும் இல்லை.

இந்தப் பக்கமும் பதினோரு தாள் குறையத்தான் வேண்டும்.
விளக்கைக் கிட்டே இழுத்து வெகுநேரம் தேடினேன்.
வெறும் தண்ணீரில்
எந்த இடத்தில் என்று தெரியவில்லை.