மூட்டைக்கு லைஃப் கிடையாது

முதல் பாகத்தில் அவன் வெறும் பின்னணி.
கோயில் வாசல் மேடையில்
செவப்புச் சட்டைக்காரன் அடிவாங்கும்போது
கல்தூணுக்குப் பக்கத்தில்
முதுகில் பொதியோடு நிற்பவன்.
நான்கே படங்கள் அவனுக்கு:
மூச்சு இழுப்பான், விடுவான்,
மூக்கைச் சொறிவான், மறுபடி மூச்சு.
பெயர் ஜப்பான் எழுத்தில்.
பர்மா பஜார் சிடி, எழுபது ரூபாய்,
யார் படிப்பது?
புதுப்பேட்டையில் நாங்கள் வைத்தது மூட்டை.

இரண்டாம் பாகத்தில் வேலை கிடைத்தது.
எல்-ஒன் அழுத்தினால்
இடது ஓரத்திலிருந்து எகிறி உள்ளே வருவான்,
பொதியால் ஒரு சுழற்று,
எதிராளி அண்ணாந்து பார்க்கும் அரை நொடி.
அதற்குள் ஹீரோ தன் வித்தையைக் காட்டிவிடுவான்.
கைத்தட்டல் ஹீரோவுக்கு.
மூட்டை வந்த வழியே குனிந்து ஓடுவான்,
ஏதோ திருடியவன் மாதிரி.

லைஃப் கோடு அவனுக்குக் கிடையாது.
அவன் வாங்கும் அடி ஹீரோவின் கோட்டில் கழியும்.
அதனால்தான் லூர்து கத்துவான்:
"டேய், மூட்டைய எறக்காத, என் உசுரு போவுது!"

லூர்துதான் முதல் கன்ட்ரோலர்.
தமீம் பாய் கடை.
கீழே சைலன்சர்கள், கழற்றிய பம்பர்கள்,
மேலே தகரத்தடியில் மூன்று டிவி.
மணிக்கு இருபது. அவன் பத்து, நான் பத்து.
இருவர் சேர்ந்து ஆடினால்
இரண்டாவது கன்ட்ரோலரில்
ஒரே ஒரு பட்டன்தான் வேலை செய்யும்.
பத்து ரூபாய்க்கு ஒரு பட்டன்.
கணக்குக் கேட்டதில்லை.
லூர்துவின் இடது முட்டி ஆடினால் அழுத்து,
நாக்கைக் கடித்தால் அழுத்தாதே.

மூன்றாம் பாகத்தில் மூட்டையைத் தூக்கிவிட்டார்கள்.
காரணம் சொல்லவில்லை.
மேடை இருந்தது, தூண் இருந்தது,
தூணருகே தரை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.
அதே வருஷம் லூர்து
அப்பாவின் லேத் பட்டறையோடு
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனான்.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.
சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான்காம் பாகம் போன மழைக்கு வந்தது.
வேளச்சேரியில் தண்ணி வடியாத வாரம்.
கரன்ட் வந்ததும் மோட்டார்கூடப் போடாமல்
இதைத்தான் பார்த்தேன்:
மூட்டை. தனி ஆளாக.
முந்நூற்றைம்பது ரூபாய்.
லைஃப் கோடு உண்டு, அறுபது அசைவுகள் உண்டு,
பின்கதைகூட எழுதியிருக்கிறார்கள்,
அம்மா, தீ, சபதம்,
எல்லாருக்கும் தைக்கிற அதே அளவுச் சட்டை.
பொதிக்குள் என்ன என்று மட்டும் சொல்லவில்லை.
நல்லவேளை.

ஆனால் எல்-ஒன் அழுத்தினால் யாரும் வருவதில்லை.
மூட்டை சண்டையை அப்படியே விட்டுவிட்டு
இடது ஓரத்தைத் திரும்பிப் பார்க்கிறான்.
முப்பது பிரேம்.
தடுப்பு இல்லை, தாவல் இல்லை,
யார் வேண்டுமானாலும் வந்து சாத்தலாம்.
பிறகு, சரி, என்பதுபோல் முன்னால் திரும்புகிறான்.

அண்ணா நகரில் ஒரு மால், மூன்றாம் மாடி, போட்டி.
எதிரே முகப்பேர் பையன், பிரணவ், பல்லில் கம்பி.
"அங்கிள், இவன் லிஸ்ட்லயே கடைசி.
ஏன் இவன எடுக்கறீங்க?"
"கை பழகிடுச்சு" என்றேன்.

முதல் ரவுண்டு அவனுக்கு.
இரண்டாவதில், இருவருக்கும் நூலளவு உயிர் இருக்கையில்,
அழுத்தக்கூடாத நேரத்தில் அழுத்தினேன்.
மூட்டை திரும்பிப் பார்த்தான்.
பையனும் பார்த்தான்,
இடது ஓரத்தை,
நிஜமாகவே யாரோ வரப்போவதுபோல.
அந்தத் தயக்கத்தில் பொதி இறங்கியது அவன் தலையில்.

மூன்றாவதில் அவன் பார்க்கவில்லை.
நாற்பது நொடியில் முடித்துவிட்டான்.

கை கொடுக்கும்போது கேட்டான்,
"அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு அங்கிள் வருவாங்க?"
நான் சட்டைப் பையில்
பார்க்கிங் டோக்கனைத் தேடிக்கொண்டிருந்தேன்.